பாலைவனக் கூடாரத்துக்குத் தண்ணீர்க் கணக்கு

ராஜஸ்தானின் ஜெய்சால்மர் நகரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் அளவில் சாம் மணல்மேடுகள் இருக்கின்றன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் அங்கே போகிறார்கள். சாலையோரக் கூடார விடுதியில் தங்குபவர்களுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. லாரியில் வருகிறது, குழாயைத் திறந்தால் கொட்டுகிறது. ஜீப்பிலோ ஒட்டகத்திலோ இன்னும் உள்ளே போய், தாங்களே கூடாரம் அடித்து இரண்டு மூன்று நாள் தங்க விரும்புகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. வளைகுடா நாடுகளில் வேலை செய்துகொண்டு, குளிர்கால விடுமுறைகளில் நண்பர்களோடு மணல்வெளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத் பக்கம் இருக்கும் தென்னேரியில் வளர்ந்தவர்களுக்குச் சேமித்து வைத்துச் செலவழிக்கும் தண்ணீர் புதிதில்லை. மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று ஊரை ஒட்டியே கிடக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஏரி அது. வடகிழக்குப் பருவமழையில் வந்து சேர்வதை வைத்துத்தான் அடுத்த மழை வரைக்கும் பயிர் பார்க்க வேண்டும். ஏரியில் எவ்வளவு நிற்கிறது, எத்தனை காணிக்குப் பாய வேண்டும், வெயிலில் எவ்வளவு வற்றும், கடைசியில் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று பார்த்த பிறகுதான் மதகைத் திறப்பார்கள். பாலைவனத்துக்குக் கொண்டுபோகும் கேன்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இருப்பு, செலவு, சேதாரம், தொடக்கூடாத மிச்சம் என்ற நான்கையும் ஊரிலேயே தாளில் எழுதிவிட வேண்டும்.

ஒருவருக்கு எவ்வளவு?

காஞ்சிபுரத்து வெயிலில் நடந்தால் சட்டை நனைந்து முதுகில் ஒட்டும். உடம்பிலிருந்து தண்ணீர் போவது கண்ணுக்குத் தெரியும். தார் பாலைவனத்தின் காற்று வறண்டது. அங்கே வியர்வை தோலில் நிற்காமல் உடனே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், ஆனால் உடம்பு தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். மூச்சு வழியாகவும் ஈரம் போகும். குளிர்காலம் என்றால் தாகமும் குறைவாகத்தான் எடுக்கும். அதனால் ஈரப்பதம் மிகுந்த ஊரிலிருந்து போகிறவர்கள் தேவையைக் குறைத்து மதிப்பிட்டுவிடுகிறார்கள். தாகத்தை வைத்து அளக்காமல் லிட்டரை வைத்து அளக்க வேண்டும்.

பேரிடர் நிவாரண முகாம்களுக்கு உலகமெங்கும் பின்பற்றப்படும் ஸ்பியர் கையேடு, உயிர் வாழத் தேவையான குடிநீரை உணவில் சேர்வதும் உட்பட ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2.5 முதல் 3 லிட்டர் என்று வைக்கிறது. சமையலும் கை கால் சுத்தமும் சேர்ந்தால் அது 7.5 முதல் 15 லிட்டர் வரை போகிறது. அமெரிக்காவின் டெத் வேலி பாலைவனப் பூங்காவுக்குப் போகிறவர்களிடம், குடிப்பதற்கு மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1 கேலன், அதாவது 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவான அளவு, வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இவற்றை வைத்துக் குளிர்காலப் பயணத்துக்கு ஒரு கணக்குப் போடலாம். குடிக்க 4 லிட்டர், சமையலுக்கு 1.5 லிட்டர், பாத்திரம், பல் துலக்கல், கை கழுவலுக்கு 1.5 லிட்டர். மொத்தம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 7 லிட்டர். குளியல் இதில் இல்லை.

ஆறு பேர், மூன்று நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 42 லிட்டர். மூன்று நாளைக்கு 126. வண்டி மணலில் புதைந்தாலோ ஒருவர் நோயில் படுத்தாலோ கூடுதலாக ஒரு நாள் தங்க நேரலாம். அதற்கு 42 சேர்த்தால் 168. சிந்துவதற்கும் ஒழுகுவதற்கும் பத்தில் ஒரு பங்கு, சுமார் 17 லிட்டர். ஆக 185 லிட்டர். 20 லிட்டர் கேன் ஒன்பதும், ஆளுக்கு ஒரு 1 லிட்டர் பாட்டிலும் எடுத்துக்கொண்டால் 186 லிட்டர் ஆகிவிடும்.

கோடையில் இந்தக் கணக்கு செல்லாது. ஜோத்பூருக்கு வடமேற்கே இருக்கும் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட நாளில் வெளியில் நடமாடும் ஒருவருக்குக் குடிக்க மட்டுமே 8 லிட்டருக்கு மேல் தேவைப்படலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே கூடாரம் அடிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கூடுதல் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போவதைவிட அதுதான் பாதுகாப்பு.

எடையை மறக்கக் கூடாது

1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. நாம் போட்ட 186 லிட்டரும் காலி கேன்களின் எடையும் சேர்ந்தால் ஏறக்குறைய 200 கிலோ. ஜீப்பில் இன்னும் மூன்று பேர் ஏறியதற்குச் சமம். தண்ணீரை எழுதிய பிறகுதான் எத்தனை ஆள், எத்தனை மூட்டை, எத்தனை வண்டி என்று முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஆளும் மூட்டையும் ஏறிய பிறகு மிஞ்சும் இடத்தில் கேனைத் திணிக்கிறோம்.

தண்ணீரின் எடை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2019 கோடையில் சென்னை பார்த்தது. ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஜூலை 12 அன்று முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். எடையில் சொன்னால் 2,500 டன். அவ்வளவு பெரிய ரயில் சுமந்து வந்ததும் அந்த மாநகரத்தின் ஒரு நாள் தேவையில் சிறு பங்குதான். தண்ணீர் இல்லாத இடத்துக்குத் தண்ணீரைச் சுமப்பது என்றைக்கும் கனமான வேலை.

எதில் கொண்டுபோவது?

200 லிட்டர் டிரம் ஒன்று வாங்கி நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். நிரம்பிய டிரம்மை மணலில் யாராலும் தூக்க முடியாது. அதில் ஒரு விரிசல் விழுந்தால் மொத்தமும் போய்விடும். 20 லிட்டர் கேனை ஒருவர் தூக்கலாம், ஒன்று உடைந்தாலும் எட்டு மிஞ்சும். வயதானவர்கள் கூட வந்தால் சில கேன்களை 10 லிட்டர் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வரும் வாட்டர் கேன் இந்தப் பயணத்துக்குச் சரிப்படாது. அதன் அழுத்து மூடி, வண்டி குலுங்கும்போது கழன்றுகொள்ளும். திருகு மூடியும் உள்ளே ரப்பர் வாஷரும் உள்ள, உணவுப் பொருளுக்கு உகந்த கெட்டி பிளாஸ்டிக் கேன்களையே வாங்குங்கள். கேனின் அடியில் கோப்பையும் முட்கரண்டியும் சேர்ந்த குறி இருந்தால் அது உணவுக்கு ஏற்றது. கை நுழையாத குறுகிய வாய் நல்லது. அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் செம்பை விட்டு மொள்ளும்போது கையின் அழுக்கும் உள்ளே போகிறது. வயிற்றுப்போக்கு வந்தால் பாலைவனத்தில் இருக்கும் தண்ணீரெல்லாம் ஒரே நாளில் தீரும்.

முன்பு பெயின்ட், டீசல், பூச்சிமருந்து, அமிலம் இருந்த கேனை எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக் அந்த வாடையை உறிஞ்சி வைத்திருக்கும். 2016 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் போனபோதுகூட, அந்த வேகன்களை ராஜஸ்தானின் கோட்டா ரயில்வே பணிமனையில் நீராவியால் சுத்தம் செய்த பிறகுதான் அனுப்பினார்கள். நமக்கு நீராவி வசதி கிடையாது. ஆகவே புதிய கேனே சரி.

துலக்குவதும் நிரப்புவதும்

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே கேன்களைச் சோப்புத் தண்ணீரால் கழுவி நன்றாக அலசுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி மணமில்லாத பிளீச் திரவம் கலந்து, கேனுக்குள் ஊற்றி, மூடிவரைக்கும் படும்படி குலுக்கி, அரை நிமிடமாவது விட்டுக் கொட்டிவிடுங்கள். கவிழ்த்துக் காயவிடுங்கள். ஒரு கேனில் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் படுக்கவைத்து இரவு முழுக்க விட்டால் ஒழுகுகிறதா என்று காலையில் தெரிந்துவிடும். எல்லாக் கேனுக்கும் இதைச் செய்யுங்கள்.

தண்ணீரை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். காலிக் கேன்களோடு போய் ஜெய்சால்மரில் நிரப்பிக்கொள்ளுங்கள். அந்த நகரம் பல நூற்றாண்டுகள் கட்சிசர் ஏரியின் மழைநீரை நம்பி வாழ்ந்தது. இன்று பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே அணையிலிருந்து வரும் இந்திரா காந்தி கால்வாய் அந்த மாவட்டத்துக்குத் தண்ணீர் தருகிறது. கால்வாயில் ஓடுவதை அப்படியே குடிக்கக் கூடாது. தங்கும் விடுதியில் சுத்திகரித்த தண்ணீரை வாங்குங்கள், அல்லது உரிம எண்ணும் தயாரித்த நாளும் அச்சிட்ட, முத்திரை பிரியாத பாட்டில் தண்ணீரை வாங்குங்கள்.

வழியில் கிராமத்துக் கிணற்றை நம்பிப் போக வேண்டாம். மேற்கு ராஜஸ்தானின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பும் ஃபுளோரைடும் மிகுந்தது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் உப்பும் ஃபுளோரைடும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் அந்த மண்ணில், வீட்டுக்கு வீடு நிலத்தடியில் தொட்டி கட்டிக் கூரையிலும் முற்றத்திலும் விழும் மழையைச் சேர்த்து வைக்கிறார்கள். டாங்கா என்று அதற்குப் பெயர். இன்னும் சில இடங்களில், மணலுக்கு அடியில் இருக்கும் ஜிப்சம் படிவத்தின் மேல் தங்கிநிற்கும் மழை ஈரத்தைக் குறுகிய கிணறு தோண்டிச் சொட்டுச் சொட்டாக எடுக்கிறார்கள். அதெல்லாம் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சேமிப்பு. சுற்றுலா போன நாம் அதில் கேன் நிரப்பக் கேட்பது முறையில்லை.

அவசரத்தில் சந்தேகமான தண்ணீரைத்தான் குடிக்க வேண்டியிருந்தால், துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். எரிபொருள் இல்லையென்றால் மருந்துக்கடையில் விற்கும் குளோரின் மாத்திரையை அட்டையில் சொல்லியிருக்கும் அளவில் போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். இரண்டும் கிருமிக்கு மட்டும்தான் மருந்து.

ஏற்றுவதும் வைப்பதும்

கேன்களை வண்டியின் அடித்தளத்தில், இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கூரைமேல் ஏற்றினால் மணல்மேட்டின் சரிவில் வண்டி கவிழக்கூடும். டீசல் கேனும் மண்ணெண்ணெய் அடுப்பும் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. அவற்றின் ஆவி பிளாஸ்டிக்கை ஊடுருவும். இரண்டு வண்டியில் போனால் தண்ணீரையும் இரண்டாகப் பிரித்து ஏற்றுங்கள். ஒரு வண்டி வழி தவறினாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கும்.

முகாமில் கேன்களைச் சூடான மணலில் நேரடியாக வைக்காமல் பலகைமேல் வைத்து, நிழலில், வெள்ளைத் துணியால் மூடுங்கள். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் பகலில் வைத்தால் வெந்நீராகிவிடும். கேன்களுக்கு 1 முதல் 9 வரை எண் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேன்தான் திறந்திருக்க வேண்டும். அது தீர்ந்த பிறகுதான் அடுத்தது. 8, 9 இரண்டும் மிச்சக் கேன்கள். திரும்பும் சாலையை அடையும்வரை அவற்றின் மூடியை யாரும் தொடக் கூடாது. குடிநீர் எடுக்க ஒருவரைப் பொறுப்பாளராக்குங்கள். அவரே ஊற்றிக்கொடுக்கட்டும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. பலர் பங்கிடும் தண்ணீருக்குப் பொறுப்பு ஏற்க ஆள் வேண்டும் என்பது நம் வட்டாரத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் தெரிந்த விஷயம்.

மண்பானையும் கித்தான் தண்ணீர்ப்பையும் வறண்ட காற்றில் நன்றாகக் குளிரவைக்கும். வெளிப்புறத்தில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால்தான் உள்ளே குளிர்கிறது. குளிர்ச்சிக்கு விலையாகத் தண்ணீரே போகிறது. ஆகவே அன்றைய பங்கில் இரண்டு மூன்று லிட்டரை மட்டும் பானையில் ஊற்றுங்கள். சேமிப்பு மூடிய கேனில்தான் இருக்க வேண்டும்.

சமையலில் நிறைய மிச்சம் பிடிக்கலாம். கஞ்சி வடிக்கும் சோறு வேண்டாம், குக்கரில் வையுங்கள். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம். அவல், ரவை, சப்பாத்தி எல்லாம் குறைந்த தண்ணீரில் முடியும். எச்சில் தட்டை முதலில் காய்ந்த மணலால் தேய்த்துத் துடைத்து, பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசினால் போதும். அப்பளம், ஊறுகாய், மிக்சரைக் குறைத்தால் தாகமும் குறையும்.

குடிப்பதிலும் ஒரு முறை

தண்ணீர் குறைவாக இருக்கிறதே என்று குடிக்காமல் இருப்பது ஆபத்து. வியர்வையைத்தான் குறைக்க வேண்டும். காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை நிழலில் இருங்கள், நடப்பதைக் காலையிலும் அந்தியிலும் வைத்துக்கொள்ளுங்கள், முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அணியுங்கள். நடக்கும்போது 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் என்று சிறிது சிறிதாகக் குடியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கமும் வலிப்பும் வரக்கூடும்.

காஞ்சிபுரம் திருவிழாத் தண்ணீர்ப்பந்தலில் நீர்மோரும் பானகமும் கொடுப்பது இதற்குப் பொருத்தமான பழக்கம். வியர்வையில் போன உப்புக்கு மோரில் உப்பு இருக்கிறது, களைப்புக்குப் பானகத்தில் வெல்லம் இருக்கிறது. பாலைவனத்துக்கு மோர் கொண்டுபோக முடியாது. அதற்குப் பதில் ஓஆர்எஸ் பொட்டலம் ஆளுக்கு நான்காவது எடுத்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்தால் 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் உடம்புக்குத் தண்ணீர் போதும். அடர் மஞ்சளானால் பற்றவில்லை. இதய, சிறுநீரக நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும்.

யாராவது உளறினாலோ, தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு. அந்த நேரத்தில் தண்ணீரை மிச்சம் பார்க்காதீர்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே 108க்கு அழையுங்கள். கைபேசிக்குச் சிக்னல் இல்லையென்றால் வண்டியை உடனே ஊர்ப்பக்கம் திருப்புங்கள்.

எப்போது திரும்புவது?

ஒவ்வொரு மாலையும் மிச்சத்தை அளந்து தாளோடு ஒப்பிடுங்கள். ஆறு பேர் கணக்கில் முதல் நாள் மாலை 42 லிட்டருக்கு மேல் செலவாகியிருந்தால், அடுத்த நாள் எங்கே குறைப்பது என்று அன்றைக்கே பேசிவிடுங்கள். கையிருப்பு ஒரு நாள் மிச்சத்துக்கு, நம் கணக்கில் 42 லிட்டருக்கு, இறங்கிவிட்டால் எத்தனை நாள் பாக்கியிருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இந்த முடிவைப் புறப்படும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மணல்மேட்டில் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இன்னும் ஒரு நாள் இருக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

எல்லாம் சரியாக நடந்தால் இரண்டு கேன் நிரம்பிய நிலையிலேயே திரும்பி வரும். வீணாகச் சுமந்தோமே என்று யாரும் வருந்த வேண்டாம். அந்த 40 லிட்டர் கூட இருந்ததால்தான் மற்றதை அச்சமில்லாமல் குடிக்க முடிந்தது. வண்டியின் சுமையைக் குறைக்க அதை மணலில் கொட்டிவிடாதீர்கள். கடைசியாகக் கடக்கும் சிற்றூரிலோ ஒட்டகக்காரர் வீட்டிலோ, மூடி திறக்காத சுத்தமான குடிநீர் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த மண்ணில் அதைவிடப் பயனுள்ள அன்பளிப்பு வேறில்லை.